நிலுவை சொத்து வரி: எங்கள் கவுண்டி டிரெஷரர் அலுவலகத்தின் சேவை எப்படி?

மிச்சிகனில் வீடு வைத்திருக்கும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன். இங்கே சொத்து வரி பாக்கி விழுந்தால் அதை வசூலிப்பது, தவணை போட்டுக் கொடுப்பது, கடைசியில் வீட்டை ஏலம் விடுவது எல்லாமே பெரும்பாலும் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்ற பிரிவு) டிரெஷரர், அதாவது பொருளாளர், அலுவலகத்தின் வேலை. பல வீடுகளில் இது மார்ட்கேஜ் தவணையோடு எஸ்க்ரோவில் (கடன் கொடுத்தவர் வரிக்காகப் பிடித்துவைக்கும் கணக்கு) போய்விடுவதால் அந்த அலுவலகத்தின் வாசலைக்கூட நாம் பார்த்திருக்க மாட்டோம். 2024 இலையுதிர் காலத்தில் நான் பார்க்க வேண்டி வந்தது. எங்கள் கவுண்டியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மாநிலத்தின் 83 கவுண்டிகளுக்கும் அடிப்படைச் சட்டம் ஒன்றுதான், 1893ஆம் ஆண்டின் சொத்து வரிச் சட்டமும் 1999ல் அதில் சேர்த்த திருத்தமும். அதனால் நான் சொல்வதில் பெரும்பகுதி உங்கள் ஊருக்கும் பொருந்தும்.

முதலில் என் கருத்து. நேரில் போனால் நல்ல சேவை. தபாலை மட்டும் நம்பியிருந்தால் மோசமான சேவை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வீடு போய்விடலாம் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பாக்கி என்னுடையது அல்ல, பக்கத்து வீட்டு அம்மாவுடையது. எழுபதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார், சோஷியல் செக்யூரிட்டி பணத்தில் வாழ்கிறார். வீட்டுக் கடன் முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. வரி கட்டுவதெல்லாம் கணவரின் வேலையாக இருந்தது. கணவர் இறந்த பிறகு அவர் பெயரில் வந்த உறைகளைப் பிரிக்க மனம் வராமல் ஒரு துணிப்பையில் போட்டு வைத்திருந்தார். கவுண்டி ஆள் வந்து கதவில் மஞ்சள் தாள் ஒட்டிவிட்டுப் போன அன்றுதான் என்னைக் கூப்பிட்டார். நான் நூலகத்தில் வரிப் படிவம் நிரப்ப உதவி செய்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பையைச் சமையலறை மேசையில் கொட்டி, தேதிவாரியாக அடுக்கினோம்.

கணக்கு எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடுகிறேன். கோடையிலும் குளிர்காலத்திலும் வரும் பில்லை, கவுண்டிக்குள் இருக்கும் உள்ளூர் நிர்வாகமான டவுன்ஷிப்பில் அல்லது சிட்டியில் கட்ட வேண்டும். அடுத்த ஆண்டு பிப்ரவரி முடியும்வரை கட்டாவிட்டால் மார்ச் 1 அன்று பாக்கி கவுண்டிக்குப் போகிறது. போன உடனே 4 சதவீதம் நிர்வாகக் கட்டணம், அப்புறம் மாதம் 1 சதவீதம் வட்டி. இன்னும் ஓராண்டு போனால் அடுத்த மார்ச் 1ல் வீடு ‘பார்ஃபிட்’ நிலைக்கு, அதாவது பறிமுதலுக்கு முந்தைய கட்டத்துக்கு, வருகிறது. அப்போது வட்டி மாதம் 1.5 சதவீதமாக ஏறும். அந்த உயர்வு பாக்கி கவுண்டிக்கு வந்த முதல் நாளிலிருந்தே கணக்கிடப்படும் என்பதுதான் அடி. ஆவணத் தேடலுக்கு 175 டாலரும் பதிவுக் கட்டணமும் தனி. உதாரணத்துக்கு, 2022ஆம் ஆண்டின் வரி 3,000 டாலர் பாக்கி என்று வையுங்கள். 2024 அக்டோபரில் போய்க் கேட்டால் 120 டாலர் கட்டணம், 20 மாத வட்டி 900 டாலர், அந்த 175. பதிவுக் கட்டணத்துக்கு முன்பே 4,195 டாலர். 2025 மார்ச் 31க்குள் அதைத் தீர்க்காவிட்டால் வீடு கவுண்டியுடையது.

ஆனால் ‘பார்ஃபிட்’ என்று நோட்டீஸில் பார்த்ததும் வீடு போய்விட்டது என்று நினைத்துப் பெட்டி கட்டாதீர்கள். அந்தக் கட்டத்தில் வீடு இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா இதைத் தெரிந்துகொள்ளாமல் நாள் கணக்கில் தூங்காமல் இருந்திருக்கிறார். நோட்டீஸின் முதல் வரியில், பெரிய எழுத்தில், இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டாம் பக்கத்தில் சட்ட மொழியில் புதைந்து கிடந்தது.

கவுன்ட்டருக்கு வருகிறேன். அங்கே இருந்த பெண்மணிக்கு மனதார நன்றி. சொத்து எண்ணை வாங்கிக்கொண்டு, ஆண்டுவாரியாக எது வரி, எது வட்டி, எது கட்டணம் என்று பிரித்து அச்சடித்துக் கொடுத்தார். முழுத்தொகை இல்லாவிட்டாலும் கையில் இருப்பதைக் கட்டலாம், முதலில் பழைய ஆண்டைத் தீர்ப்பதுதான் முக்கியம், ஏலத்துக்குப் போவது அந்த ஆண்டின் பாக்கியால்தான் என்று பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டினார். உண்மையான கஷ்டம் இருந்தால் அந்த ஆண்டின் ஏலப் பட்டியலிலிருந்து வீட்டைத் தள்ளிவைக்க டிரெஷரருக்குச் சட்டத்தில் அதிகாரம் உண்டு என்பதையும் அவரே சொன்னார். குடியிருக்கும் வீடு என்பதால் தவணைத் திட்டமும் கிடைத்தது. அந்த அம்மா கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டார். ஒருமுறைகூட அந்தப் பெண்மணி முகம் சுளிக்கவில்லை. வீடு இருவர் பெயரிலும் இருந்ததால் கணவரின் இறப்புச் சான்றிதழை அதே கட்டிடத்தில் பத்திரப் பதிவுப் பிரிவில் பதிந்துவிடச் சொன்னார். அதையும் அன்றே முடித்தோம்.

அவர் சொல்லாத ஒன்று இருக்கிறது. வருமானம் குறைந்தவர்கள் சொந்த வீட்டுக்கு வரிவிலக்கு கேட்கலாம். அது கவுண்டியில் இல்லை, டவுன்ஷிப் அல்லது சிட்டியின் மறுஆய்வுக் குழுவில். அந்தக் குழு மார்ச், ஜூலை, டிசம்பர் மாதங்களில் கூடும். விலக்கு பழைய பாக்கியைத் தொடாது, நடப்பு ஆண்டுக்குத்தான். ஆனாலும் பழைய பாக்கிக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஒருவருக்குப் புதிய பில்லும் வந்து சேர்ந்தால் அந்தத் தவணை எத்தனை மாதம் தாங்கும்? டிசம்பர் கூட்டத்துக்கு இன்னும் நேரம் இருந்ததால் விண்ணப்பம் போட்டோம், பாதி விலக்கு கிடைத்தது. இதை நான் நூலக வேலையில் தெரிந்துவைத்திருந்தேன். தெரியாத ஒருவர் கவுன்ட்டரில் பணத்தைக் கட்டிவிட்டு, இது எதுவும் அறியாமல் வீட்டுக்குப் போயிருப்பார். கவுண்டி வேறு, டவுன்ஷிப் வேறு என்பது அரசாங்கத்துக்கு உள்ளே இருக்கும் பிரிவு. வரி கட்டுகிறவர் ஏன் அதைப் படித்துவிட்டு வர வேண்டும்?

இணையதளம் பரவாயில்லை. சொத்து எண் போட்டால் பாக்கி தெரிகிறது. கார்டில் கட்டினால் கூடுதல் கட்டணம் பிடிக்கிறார்கள், வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கட்டுவது மேல்.

இதோடு முடித்துக்கொண்டிருப்பேன். ஆனால் அந்த வாரமே கவுண்டி கமிஷனர்கள் கூட்டத்தில் நிலுவை வரி பற்றிப் பேசப்போகிறார்கள், பொதுமக்கள் கேள்வி கேட்கலாம், டிரெஷரரும் வருகிறார் என்று கவுன்ட்டரில் ஒட்டியிருந்தது. போனோம். இந்த அலுவலகத்தைப் பற்றி நான் அதிகம் கற்றுக்கொண்டது அங்கேதான்.

ஆளுக்கு மூன்று நிமிடம். முதலில் எழுந்தவர் வாடகைக்குக் குடியிருக்கும் ஓர் இளைஞர். மாதாமாதம் வாடகை கொடுக்கிறார், வீட்டுக்காரர் வரி கட்டவில்லை, ஏல நோட்டீஸ் இவர் கதவில் ஒட்டப்படுகிறது. அடுத்து, லேண்ட் கான்ட்ராக்டில் (வங்கிக் கடன் இல்லாமல் விற்பவருக்கே தவணை கட்டும் ஒப்பந்தம்) வீடு வாங்கும் ஒரு பெண். வரிக்கும் சேர்த்து விற்பவரிடம் கொடுத்துவந்திருக்கிறார், அந்தப் பணம் டவுன்ஷிப்புக்குப் போகவே இல்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, குரல் நடுங்க, “யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்” என்றார். ஒரு கமிஷனர், டிரெஷரர் தனியாக மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர், தங்களுக்குக் கீழே வேலை செய்பவர் அல்ல என்றார். சட்டப்படி அது சரி. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது பதில் ஆகுமா? டிரெஷரரே எழுந்து, ஒப்பந்தத்தைப் பத்திரப் பதிவில் பதிந்துவிட்டால் நோட்டீஸ் உங்கள் பெயருக்கும் வரும், நாளை காலை நேரில் வாருங்கள் என்றார். பொறுப்பான பதில், அதற்கு மதிப்பெண் கொடுக்கிறேன்.

பிறகு ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் கேட்டார்: இந்த வட்டியெல்லாம் எங்கே போகிறது? கூட்டம் அமைதியானது. டிரெஷரர் மறைக்காமல் விளக்கினார். பள்ளிகளுக்கும் டவுன்ஷிப்களுக்கும் வரவேண்டிய பாக்கியை கவுண்டி ஒரு சுழல் நிதியிலிருந்து முன்கூட்டியே முழுதாகக் கொடுத்துவிடுகிறது. அதனால் ஒரு வீட்டுக்காரர் கட்டாததால் பள்ளிக்கூடம் நிற்பதில்லை. பிறகு வசூலாகும் வரி, வட்டி, கட்டணம் எல்லாம் அந்த நிதிக்கு வருகிறது. நிதியில் மிச்சம் சேர்ந்தால் கவுண்டியின் பொதுச் செலவுக்கு மாற்ற முடியும். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் மக்கள் தாமதமாகக் கட்டினால் கவுண்டிக்கு வருமானம் என்ற நிலை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பட்ஜெட்டில் அந்த மிச்சத்தை எதிர்பார்த்து உட்காரும் ஓர் அரசு, விலக்குப் படிவத்தை உறையில் வைத்து அனுப்ப ஏன் அவசரப்படும்?

டெட்ராய்ட் நகரம் இருக்கும் வேய்ன் கவுண்டியைப் பற்றியும் ஒருவர் கேள்வி எழுப்பினார். டெட்ராய்டில் நடந்தது இங்கே எல்லோருக்கும் தெரியும். மதிப்பீடு சந்தை விலையில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது மாநில அரசமைப்புச் சட்டம். அதைத் தாண்டி மதிப்பிட்டதில் 2010 முதல் 2016 வரை வீட்டுக்காரர்களிடம் குறைந்தது 600 மில்லியன் டாலர் கூடுதலாகக் கேட்கப்பட்டதாக ‘தி டெட்ராய்ட் நியூஸ்’ 2020ல் கணக்கிட்டு வெளியிட்டது. கட்ட முடியாமல் வீடு இழந்தவர்கள் ஏராளம். அந்த அடியிலிருந்து சில நல்ல திட்டங்களும் வந்தன. வேய்ன் கவுண்டியில் குடியிருப்பவர் தவணைத் திட்டத்தில் சேர்ந்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி 6 ஆகிறது. வருமானக் குறைவால் விலக்கு பெற்றவர்களுக்கு வட்டியையும் கட்டணங்களையும் நீக்கி, பழைய பாக்கியையும் குறைக்கும் திட்டம் ஒன்று 2020ல் வந்தது. இங்கே ஏன் அந்த அளவுக்கு இல்லை என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் இதையே நான் எழுந்து கேட்பேன்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது ஏலத்துக்குப் பிந்தைய சேவை பற்றிப் பேசியபோது. ஓக்லாண்ட் கவுண்டியில் உரி ரஃபேலி என்பவர் 8.41 டாலர் வரியைக் குறைவாகக் கட்டியிருந்தார். வட்டியும் கட்டணமும் சேர்த்து 285.81 டாலர் ஆனது. வீட்டை 24,500 டாலருக்கு ஏலம் விட்டு முழுப் பணத்தையும் கவுண்டி எடுத்துக்கொண்டது. அது செல்லாது, மிச்சம் உரிமையாளருக்கே என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 2020 ஜூலையில் தீர்ப்பளித்தது. மின்னியாபொலிஸில் 94 வயது ஜெரால்டின் டைலரின் வழக்கிலும் 2023ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதையே சொன்னது. பாக்கி 15,000, ஏலத்தில் வந்தது 40,000, மீதி 25,000 டாலரை கவுண்டி வைத்துக்கொள்ள முடியாது.

சரி, இப்போது மீதிப் பணம் தானாக வீடு தேடி வருமா? வராது. வீடு பறிபோன ஆண்டின் ஜூலை 1க்குள் 5743 என்ற எண்ணுள்ள படிவத்தை நோட்டரி முன் கையெழுத்திட்டு, நேரிலோ சான்றளிக்கப்பட்ட தபாலிலோ கொடுக்க வேண்டும். அப்புறம் அடுத்த ஆண்டு பிப்ரவரி 1 முதல் மே 15க்குள் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். விற்ற தொகையில் 5 சதவீதம் கவுண்டிக்குக் கமிஷன். வீட்டைவிட்டு வெளியேறி, எங்கே தங்குவது என்று அலையும் மூன்று மாதங்களில் ஒருவர் நோட்டரியைத் தேட வேண்டும். ஏலமே பல நேரம் ஜூலை 1க்குப் பிறகுதான் நடக்கிறது, மிச்சம் இருக்குமா என்று தெரியும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் கவுன்ட்டரில் மற்றப் படிவங்கள் தட்டில் இருந்தன, இது இல்லை. கேட்ட பிறகு உள்ளே போய் அச்சடித்துக் கொடுத்தார்கள். நீதிமன்றம் திருப்பிக் கொடுத்த உரிமையை மேசை அடியில் வைத்திருக்கக் கூடாது.

கவுன்ட்டருக்கு ஐந்துக்கு நாலரை, இணையதளத்துக்கு மூன்று, தபாலுக்கு ஒன்று. கூட்டத்தில் பதில் சொன்ன விதத்துக்கு மூன்றரை.

போகிறவர்கள் சொத்து எண், அடையாள அட்டை, குடியிருப்பதற்குச் சான்று, வருமானத்துக்கான தாள்கள் எடுத்துக்கொண்டு போங்கள். தவணைத் திட்டத்தை எழுத்தில் வாங்குங்கள், எந்த மாதம் தவறினால் அது ரத்தாகும் என்று கேளுங்கள். அதே நாளில் டவுன்ஷிப்புக்கும் போன் போட்டு விலக்கு விண்ணப்பத்தின் கடைசித் தேதியைக் கேட்டுவிடுங்கள். வயதான அக்கம்பக்கத்தார் இருந்தால் அவர்களையும் உடன் அழைத்துப் போங்கள். மார்ச் கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம். அப்போது எல்லோரும் வந்து நிற்பார்கள், உங்கள் தாளில் பென்சிலால் வட்டம் போட்டுக் காட்ட அந்தப் பெண்மணிக்கு நேரம் இருக்காது.