கொம்பு இடம் மாறிய 180 வெள்ளி ப்ளேயர்

போன வாரம் நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். இரண்டு வருடத்துக்கு மேலாக என் சட்டைப் பையில் கிடக்கும் அதே எம்பி3 ப்ளேயர். நான் வாங்கியபோது 180 மலேசிய வெள்ளி. இப்போது 129. "வாங்கலாமா மச்சான்?" என்று கீழே ஒரு வரி. நல்ல நேரம் பார்த்துக் கேட்டான். முதல்நாள்தான் 45 வெள்ளி கொடுத்து அதற்குப் புது பேட்டரி போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் திட்டுவது போலாகிவிடும். திட்டத்தான் போகிறேன்.

கையில் போன் இருக்கும்போது இது எதற்கு என்று வீட்டில் அப்போதே கேட்டார்கள். நான் பட்டர்வொர்த்தில் இருந்து தினமும் பெர்ரி ஏறிப் பினாங்குத் தீவுக்கு வேலைக்குப் போகிறவன். 2023-இல் வந்த புதுப் பெர்ரிகளில் கார் ஏற்றுவதில்லை. ஆட்கள், மோட்டார் சைக்கிள், சைக்கிள் மட்டும்தான். கரைக்குக் கரை மூன்று பாட்டு தூரம். அந்த மூன்று பாட்டுக்குள் போனில் இரண்டு அழைப்பு, குடும்பக் குழுவில் நான்கு "காலை வணக்கம்". அதற்காகத்தான் இது. ஐபாட் தயாரிப்பை ஆப்பிள் 2022 மே மாதத்தில் நிறுத்திவிட்டது. கைமாறி வருகிற பழையதை வாங்கி, அதன் தள்ளாத வயதுக்கும் சேர்த்துச் செலவு செய்ய எனக்கு மனமில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பெட்டிக்குத் தமிழ் தெரியாது. முழுக்கத் தெரியாமல் இருந்தால்கூடக் கட்டம் கட்டமாகக் காட்டும், விட்டுத் தொலைக்கலாம். இது அரைகுறையாகத் தெரிந்து வைத்திருக்கிறது. கணினி எழுத்துமுறையான யூனிகோடில் 'கே' என்று எழுதினால் முதலில் ககரம், பின்னால் இரட்டைக்கொம்பு என்றுதான் பதிவாகும். அதை எடுத்து எழுத்துக்கு முன்னால் நிறுத்துவது காட்டுகிற கருவியின் வேலை. இவன் அந்த வேலையைச் செய்வதில்லை, வந்த வரிசையிலேயே கொட்டிவிடுகிறான். கொம்பு பக்கத்து எழுத்தின் தலையில் போய் முட்டுகிறது.

வாங்கிய அன்றே ஆசையாக 'பழைய கேசட்' என்று ஒரு ஃபோல்டர் வைத்தேன். திரையில் வந்தது 'பழயை கசேட்'. அம்மாவுக்காக 'தேவாரம்' வைத்தேன். 'தவோரம்' என்று வந்தது. ஆறு மாதம் கழித்து அம்மாவே, "அந்தத் தவோரத்தைக் கொஞ்சம் போடுப்பா" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். வீடே சிரித்தது, எனக்கு மட்டும் எரிச்சல். முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் பிறந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டு தமிழைச் சரியாகக் காட்டாத கருவிக்குக் காசு கொடுத்திருக்கிறேனே!

பெயர்களை ஆங்கில எழுத்தில் மாற்றிப் பார்த்தேன். ழகரத்துக்கு ஒரு நாள் ஒரு எழுத்து, மறுநாள் வேறொன்று. ஒரே பாடகர் மூன்று பேராகப் பிரிந்து மூன்று இடத்தில் நின்றார். நம் பிறப்புப் பத்திரங்களில் பெயர்கள் படுகிற பாடு தெரிந்தவர்களுக்கு இது புரியும். கடைசியில் கொம்பே இல்லாத சொற்களாகத் தேடினேன். தேவாரம் 'சாமி' ஆனது. பழைய கேசட் 'அப்பா காலம்' ஆனது. 'மழை' வைக்க முடியாது, ஐகாரம் தனியாகப் பின்னால் தொங்கும். 'தூறல்' என்று வைத்தேன். பெர்ரியில் உட்கார்ந்து கொம்பில்லாத சொல் யோசிப்பது இப்போது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. இதைக் குறையில் சேர்ப்பதா நிறையில் சேர்ப்பதா என்று எனக்கே தெரியவில்லை.

மெமரி கார்டிலும் ஒரு மாலை போனது. 128 ஜிபி வரை ஏற்கும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது, கார்டைப் போட்டால் 'கார்டு இல்லை' என்றது. புதுக் கார்டு எக்ஸ்ஃபேட் என்ற வடிவமைப்பில் இருந்தது, இதற்கு ஃபேட்32 என்ற பழைய வடிவமைப்பு வேண்டும். என் கணினியில் விண்டோஸ் 32 ஜிபிக்கு மேல் அந்த வகையைக் காட்டவே இல்லை. தனியாக ஒரு இலவச மென்பொருள் இறக்கித்தான் செய்தேன். பாட்டுகளும் அகரவரிசையில் வராது, எதை முதலில் காப்பி செய்தோமோ அதுதான் முதலில் வரும். ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் கோப்பும் பாடும் என்று பெருமையாகப் போட்டிருக்கிறான். என்னுடைய பாதிப் பாட்டு அப்பாவின் கேசட்டில் இருந்து எடுத்தது. அதை ஃப்ளாக்கில் வைத்தால் நாடாவின் இரைச்சல்தான் துல்லியமாகக் கேட்கும். 320 கேபிபிஎஸ் எம்பி3 போதும், 4 நிமிடப் பாட்டு 10 எம்பிக்குள் அடங்கிவிடும்.

நல்லதையும் சொல்ல வேண்டுமே. பக்கவாட்டில் நிஜமான பொத்தான்கள். பைக்குள் கைவிட்டு, பார்க்காமலே பாட்டு மாற்றலாம். அணைத்துவிட்டு மறுநாள் போட்டால் விட்ட வரியிலேயே தொடர்கிறது. ரேடியோவும் உண்டு, இயர்போன் வயர்தான் ஏரியல், அதைப் பிடுங்கினால் வாய் மூடிக்கொள்ளும். நடுக்கடலிலும் மின்னல் எஃப்எம் இரைச்சலில்லாமல் வருகிறது. சத்தத்தைப் பற்றி ஒரே வார்த்தை: 180 வெள்ளிக்கு இது அதிகம்.

அப்புறம் அந்த பேட்டரி. பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. லித்தியம் பேட்டரி வீங்கினால் அழுத்தி மூடக்கூடாது, சார்ஜும் போடக்கூடாது. அப்படியே எடுத்துக்கொண்டு போன் ரிப்பேர் கடைக்குப் போனேன். தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்து, "அண்ணே, இதெல்லாம் இன்னும் விக்கிறாங்களா?" என்றார். ஆனால் மூடி பசை போட்டு ஒட்டியதல்ல, நான்கே திருகு. பழையதன் நீளம், அகலம், தடிப்பை அளந்து, அதே 3.7 வோல்ட்டில் ஒன்றைத் தேடி எடுத்து, வயரைப் பற்றவைத்து, அரை மணியில் கையில் கொடுத்தார். கழற்றி மாட்டுகிற மாதிரி செய்தவனுக்கு ஒரு கும்பிடு போடலாம். கொம்பை இடம் மாற்றியவன் மட்டும் என் கண்ணில் படக்கூடாது.

நண்பனுக்கு, "வாங்காதே. இன்னும் 100 வெள்ளி சேர்த்து, தமிழைச் சரியாகக் காட்டுகிறதா என்று கடையிலேயே ஒரு ஃபோல்டர் போட்டுப் பார்த்து வாங்கு" என்று பதில் எழுதினேன். "அப்ப உன்னுடையதை எனக்குக் கொடுத்துவிடேன்" என்றான். பதில் போடவில்லை. அன்றிரவு 129 வெள்ளிக்கு இன்னொன்று ஆர்டர் செய்தேன். உதிரி பாகத்துக்கு ஆகும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.