புல்லட் டேங்குக்குக் கோடு: ஸ்டிக்கரா, பிரஷ்ஷா?

கடலூரில் வண்டிக்குக் கோடு போட இரண்டு வழி. ஸ்டிக்கர் கடையில் வினைல் என்கிற பிளாஸ்டிக் ஒட்டுத்தாள், இல்லையென்றால் லாரிக்குப் பேர் எழுதுகிற பெயின்டரிடம் எனாமல் பெயின்ட். வேகத்தில் ஸ்டிக்கரை அடிக்க முடியாது. பிளாட்டர் என்கிற கம்ப்யூட்டர் வெட்டு மெஷினில் வெட்டி ஒட்டி அன்றைக்கே வண்டியைக் கொடுத்துவிடுவார்கள். பத்து வேனுக்கு ஒரே லோகோ என்றால் பெயின்டரை நினைக்கவே வேண்டாம்.

ஆனால் கடையில் வெறுமனே 'வினைல்' என்று கேட்டு ஏமாறாதீர்கள், காலண்டர்டு, காஸ்ட் என்று அதில் இரண்டு வகை. காலண்டர்டு வகையை உருளைகளுக்கு நடுவே அழுத்தி இழுத்துத் தகடாக்குகிறார்கள். வெயில் ஏற ஏற அது பழையபடி சுருங்கப் பார்க்கும். பசை ஓரத்தில் வெளியே தெரியும், தூசி ஒட்டிக் கறுப்புக் கரை கட்டும். காஸ்ட் வினைல் திரவமாக ஊற்றி உலர்த்தியது. தடிமன் சுமார் 50 மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு) இருக்கும், வளைவில் படிந்து உட்காரும். விலை கூடத்தான். டேங்குக்கு இதைத்தான் கேட்க வேண்டும்.

பிரஷ் வேலை வேறு உலகம். நீண்ட மயிர் பிரஷ்ஷைப் பெயின்டில் தோய்த்து, பழைய அட்டையில் இரண்டு இழுப்பு இழுத்துக் கூடுதலைக் கழிப்பார் பெயின்டர். சுண்டுவிரலை டேங்கில் ஊன்றி, கோட்டைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டே வருவார். பாதியில் நின்றால் அந்த இடம் தடித்துவிடும். இடப்பக்கமும் வலப்பக்கமும் மயிரிழை வித்தியாசம் இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். புல்லட் டேங்கில் ராயல் என்ஃபீல்டு கம்பெனியே கையால் கோடு போட்டுப் பேர் வாங்கியது.

கீறல் விழுந்தால் எனாமலில் அந்த இடத்தை மட்டும் தொட்டுவிடலாம். ஸ்டிக்கர் என்றால் முழுத் துண்டையும் மாற்ற வேண்டும். பழையதைச் சூடான காற்றடிக்கும் ஹீட் கன் காட்டி உரிக்கும்போது, அடியில் மட்டமான ரீ-பெயின்ட் இருந்தால் அதுவும் கூடவே வந்துவிடும்.

லாரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை ரிஃப்ளெக்டிவ் டேப் சட்டப்படி ஒட்டியே ஆக வேண்டும், எந்தப் பெயின்டும் அதற்கு ஈடாகாது. காரை முழுக்க வினைலால் போர்த்தி நிறத்தை மாற்றினால் ஆர்டிஓவில் சொல்லி ஆர்சியிலும் மாற்ற வேண்டும்.

வாடகை வேன், டெலிவரி வண்டிக்கு ஸ்டிக்கர். புல்லட்டுக்கு என் ஓட்டு பிரஷ்ஷுக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் பெயின்டரிடம் போகாதீர்கள், ஈரக்காற்றில் எனாமல் காயவே காயாது. காய்ந்த மாதிரி தெரிந்தாலும் சில நாள் டேங்கில் பெட்ரோல் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.