இரண்டு நாள் ட்ரவுட் பயணம்: தீர்த்தனா, ஊல் ஆறா?

"தீர்த்தன் போலாமா, பரோட் போலாமா? நீங்களே சொல்லுங்கண்ணே" என்று கூட வேலை பார்க்கும் மதுரைத் தம்பி போன வாரம் கேட்டான். சண்டிகரிலிருந்து வெள்ளி இரவு கிளம்பி, சனி ஞாயிறு ஆற்றில் நின்று ட்ரவுட் மீனுக்கு ஃப்ளை (பூச்சி போலக் கட்டிய தூண்டில் முள்) வீசி, திங்கள் காலை அலுவலகத்தில் இருக்க வேண்டும். இந்தக் கணக்குக்குள் அடங்கும் ஆறுகளில் நான் நேரில் பார்த்தவை இரண்டு. ஒன்று இமாச்சலத்தின் குல்லு மாவட்டத்துத் தீர்த்தன். மற்றது மண்டி மாவட்டத்தில் பரோட் ஊரைத் தொட்டு ஓடும் ஊல். தீர்த்தனுக்கு நான்கு முறை போயிருக்கிறேன், ஊலுக்கு ஒரே ஒரு முறை, ஒரு ஏப்ரலில். ஆகவே ஊலைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

ட்ரவுட் என்றதும் நம்மூர்க்காரர்களுக்கு அவலாஞ்சி நினைவுக்கு வரும். 1907-இல் அங்கே பொரிப்பகம் அமைத்து நீலகிரியில் வளர்த்தது வானவில் ட்ரவுட். இமாச்சலத்து ஆறுகளில் தானே முட்டையிட்டுப் பெருகி நிலைத்துவிட்டது பிரவுன் ட்ரவுட். ஐரோப்பிய மீன்தான், ஆங்கிலேயர் காலத்தில் காஷ்மீர் வழியாக வந்தது. பண்ணைகளிலிருந்து தப்பிய வானவில் ட்ரவுட்டும் இரண்டு ஆறுகளிலும் உண்டு, ஆனால் நாம் தேடிப் போவது பழுப்பு நிறத்தானைத்தான். நவம்பர் 1 முதல் பிப்ரவரி முடிய முட்டையிடும் காலம் என்பதால் தூண்டில் போடத் தடை. மீன்வளத் துறையின் உரிமச் சீட்டு இரண்டு இடத்திலும் வேண்டும்.

பயண நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இரவு ஒன்பதுக்குக் கிளம்பினால் மண்டி தாண்டி, ஔட் சுரங்கத்துக்குள் நுழையாமல் அதன் வாயருகே பிரியும் சாலையில் பஞ்சார் வழியாகக் காலையில் தீர்த்தன் கரையிலுள்ள குஷைனி போய்விடலாம். பரோட்டுக்கு கடாஸ்னியில் திரும்பி மலையேற வேண்டும். கடைசி இருபத்தைந்து கிலோமீட்டர் குறுகலான சாலை, இரவில் ஓட்டிக் களைத்தவருக்கு நல்லதல்ல. தங்க இரண்டு ஊரிலும் வீட்டு விடுதிகள் உண்டு. பரோட்டில் அப்போது கொஞ்சம் மலிவாக இருந்தது. அந்த ஊர் ராஜ்மாவும் உருளைக்கிழங்கும் பேர் போனவை, அதுவும் உண்மைதான்.

சாப்பாடும் அறையும் அத்துடன் போகட்டும். இரண்டு நாளில் மொத்தம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம்தான் தண்ணீரில் நிற்கப் போகிறோம். அந்த நேரத்தில் ஃப்ளை போடத் தகுந்த தண்ணீர் நமக்குக் கிடைக்குமா என்பதைப் பார்த்துத்தான் ஆற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தாமிரபரணியில் மண்புழு கோத்துத் தக்கை பார்த்து வளர்ந்தவன் நான். கலங்கல் தண்ணீரானாலும் மண்புழு வாசனைக்குக் கெளுத்தி தேடி வரும். ஃப்ளைக்கு அந்த வசதி இல்லை. இறகும் ரோமமும் சுற்றிய முள்ளை மீன் கண்ணால் பார்த்துத்தான் கடிக்க வேண்டும். நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது: முழங்கால் ஆழத்தில் நிற்கும்போது பூட்ஸ் நுனி தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் வேறு இடம் பார்க்க வேண்டும். வேறு இடம் இருக்கிறதா என்பதில்தான் இரண்டு ஆறுகளும் பிரிகின்றன.

ஊல் ஆற்றின் தண்ணீரைப் பரோட்டில் தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக ஜோகிந்தர்நகர் பக்கத்து ஷானன் மின்நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். 1933-இல் திறந்த பழைய திட்டம் அது. ஊலும் அதில் சேரும் லம்பாடக்கும் ஊருக்கு மேலே அருமையான ஓடைகள், சந்தேகமே இல்லை. ஆனால் தடுப்புக்குக் கீழே ஆற்றில் மிஞ்சுவது கொஞ்சம்தான். மேலே கதவு திறந்தால் மட்டம் சட்டென்று ஏறும் என்பதால் அணைக்குக் கீழ்ப்பட்ட எந்த ஆற்றிலும் நான் நடுவில் இறங்கி நிற்பதில்லை. ஆக மீன் பிடிக்கக் கிடைப்பது அணைக்கு மேலே உள்ள பகுதி மட்டும். அங்கே எல்லாமே ஏறக்குறைய ஒரே உயரத்தில், ஒரே குளிரில் இருக்கின்றன. ஏப்ரல் தொடக்கத்தில் நான் போனபோது காலை பத்து மணிக்கும் தண்ணீர் 6 டிகிரி. அந்தக் குளிரில் ட்ரவுட் அடியில் பாறையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும், இரை மூக்கருகே வந்தால்தான் வாயைத் திறக்கும். கீழே இறங்கி வெதுவெதுப்பான தண்ணீர் தேடலாம் என்றால் கீழே ஆறு இல்லை. முதல் நாள் ஒரு மீன், மறுநாள் மதியத்துக்கு மேல் இரண்டு.

தீர்த்தனில் பெரிய அணை கிடையாது. நீர்மின் திட்டங்கள் வந்தபோது ஊர்க்காரர்களே எதிர்த்து நின்று தடுத்த பள்ளத்தாக்கு அது. பெரிய இமாலய தேசியப் பூங்காவுக்குள் பிறந்து, லார்ஜியில் பியாஸ் ஆற்றோடு கலக்கும்வரை தண்ணீர் தன் போக்கில் வருகிறது. 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த காடு அது. பூங்கா எல்லைக்கு வெளியே, சாலையை ஒட்டியே பல மைல் ஆறு. காரில் அரை மணி நேரத்துக்குள் கீழும் மேலும் போகலாம். மார்ச்சில் குஷைனிக்கு மேலே குளிர் தாங்கவில்லை என்றால் நாகினிக்குக் கீழே இறங்கிவிடலாம். ஜூன் தொடக்கத்தில் கீழே தண்ணீர் சூடாகிவிட்டால் ரோலா போகும் காட்டுப் பாதைப் பக்கம் ஏறலாம். குஷைனியில் ஃபலாசன் என்ற கிளை ஓடை வந்து சேர்கிறது. ஒன்று கலங்கினால் மற்றது பெரும்பாலும் தெளிந்திருக்கும், ஏனென்றால் இரண்டுக்கும் மழை வேறு வேறு மலையில் பெய்கிறது.

போன மார்ச்சில் இதை அனுபவித்தே தெரிந்துகொண்டேன். சனி இரவு மழை. ஞாயிறு காலை தீர்த்தன் டீ நிறத்தில் ஓடியது. பூட்ஸ் நுனி மட்டுமல்ல, முழங்காலே தெரியவில்லை. ஊலாக இருந்தால் மூட்டை கட்டியிருப்பேன். ஃபலாசனுக்கு நடந்தேன், அங்கே தண்ணீர் பச்சைக் கண்ணாடி. பதினோரு மணிக்கு வெயில் பள்ளத்தாக்குக்குள் இறங்கியது, வெப்பமானி 9 காட்டியது. ஒரு பாறையின் பின்பக்கம், வேகமான நீரும் நின்ற நீரும் உரசும் கோட்டில், 16-ஆம் எண் ஃபெசன்ட் டெயில் நிம்ஃபை (நீருக்கடியில் போகும் ஒரு வகை ஃப்ளை) விட்டேன். மூன்றாவது வீச்சில் நூல் நுனி நீரோட்டத்தோடு போகாமல் ஒரு கணம் நின்றது. கல்லில் மாட்டியதோ என்று கோலைத் தூக்கினேன். கல் அசைந்தது.

ஒரு ஜாணுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். வெண்ணெய் நிற வயிறு, விலாவில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வெளிறிய வளையம். கையை நனைத்துக்கொண்டுதான் தொட்டேன், காய்ந்த கை பட்டால் மேல்பூச்சு உரிந்துவிடும். முள்ளில் மீன் கழலாமல் தடுக்கும் எதிர்முனை வைத்துக்கொள்வதில்லை, அதனால் இடுக்கியால் ஒரு திருப்பில் கழன்றது. நீரோட்டத்தைப் பார்க்கத் தலையைத் திருப்பிப் பிடித்திருந்தேன். செவுள் நாலைந்து முறை விரிந்து மூடியதும் உள்ளங்கையிலிருந்து நழுவி அதே பாறைக்குப் பின்னால் போனது.

தீர்த்தனுக்கு எதிராகவும் சொல்ல உண்டு. கூட்டம் அதிகம். நீண்ட விடுமுறை வந்தால் ஆற்றங்கரை முழுக்க முகாம், பாட்டு. 2023 ஜூலை வெள்ளத்துக்குப் பிறகு எனக்குத் தெரிந்த இரண்டு மடுக்கள் சரளை மேடாகிவிட்டன, ஆகவே பழைய ஆட்கள் சொல்லும் இடங்களை நம்பாமல் புதிதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அமைதிதான் முக்கியம், மீன் கிடைத்தால் சரி கிடைக்காவிட்டாலும் சரி என்பவருக்கு நான் பரோட்டையே சொல்வேன். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் ஊல் இன்னும் நன்றாக இருக்கும் என்று அங்கே வழிகாட்டியாக வந்த பெரியவர் சொன்னார். நான் பார்த்ததில்லை, ஆனால் மழை ஓய்ந்து, பனி உருகல் நின்று, தண்ணீர் வற்றித் தெளியும் மாதங்கள் என்பதால் நம்பத் தோன்றுகிறது.

எந்த ஆறானாலும் மே நடுவிலிருந்து ஜூன் வரை பனி உருகும். மதியத்துக்கு மேல் தண்ணீர் பால் கலந்தாற்போல் ஆகி ஏறும், அப்போது காலை வேளை மட்டும்தான் நமக்கு. மார்ச்சிலும் அக்டோபரிலும் நேர்மாறு. விடியலில் எழுந்து ஓடும் நம்மூர்ப் பழக்கம் அங்கே பலிக்காது. பத்து மணிக்கு மேல் வெயில் பட்ட பிறகு இறங்கினால் போதும்.

தம்பிக்கு அக்டோபர் இரண்டாம் வாரம், தீர்த்தன் என்று சொல்லிவிட்டேன். ஒன்பதடி, ஐந்தாம் எண் கோல் என்னிடம் இன்னொன்று இருக்கிறது, அதைத் தருகிறேன். கரை அகலமாக இருப்பதால் பின்பக்கம் நூல் விரிய இடம் கிடைக்கும், முதன்முறை வீசுகிறவனுக்கு அது பெரிய உதவி. பூட்ஸ் மட்டும் அவனே வாங்க வேண்டும். அடிப்பாகம் ஃபெல்ட் எனும் அழுத்திய கம்பளியாக இருக்கட்டும், அந்தப் பாறைகளில் வெறும் ரப்பர் வழுக்கும்.