சப்போரோவில் ராமென் சாப்பிடப் போகிறவர்கள், குறிப்பாக சைவக்காரர்கள் கவனத்துக்கு

போன பிப்ரவரியில் பனித் திருவிழா காட்டலாம் என்று அம்மாவை ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் இருக்கும் சப்போரோவுக்குக் கூட்டிப் போனேன். தஞ்சாவூர் மார்கழிக்கே சால்வை தேடுகிறவர். ஓதோரி பூங்காவில் பனிச் சிற்பங்களைப் பாதி பார்ப்பதற்குள் விரல்கள் மரத்துவிட்டன. "சூடா எதையாவது வாங்கிக் குடுடா" என்றார். அடுத்த மெட்ரோ நிலையமான சுசுகினோ வரை நடந்தே போய், ஒரு சந்துக்குள் எட்டு நாற்காலி மட்டும் போட்டிருந்த ராமென் கடைக்குள் நுழைந்தோம். ராமென் என்றால் சூடான சூப்பில் போட்ட நூடுல்ஸ். வெளியே வரும்போது 5,400 யென் அழுதிருந்தேன். நம்மூர்க் கணக்கில் ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்தது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கடைப் பெயரைப் போடப் போவதில்லை. போட்டால் அந்த ஒரு கடையை மட்டும் தவிர்த்துவிட்டு அடுத்ததில் போய் மாட்டுவீர்கள்.

வாசலில் லேமினேட் செய்த ஆங்கில அட்டை ஒன்று தொங்கியது. ஹொக்கைடோவின் மூன்று ஊர் ராமெனும் இங்கே கிடைக்கும் என்று கொட்டை எழுத்து: சப்போரோ மிசோ (புளிக்க வைத்த சோயா விழுது), அசாஹிகாவா சோயா, ஹகோதாதே உப்பு. அதற்குக் கீழே பச்சை இலை படம் போட்டு 'வெஜிடபிள் மிசோ ராமென், நோ மீட்'. அம்மா சைவம். அந்த இலைதான் எங்களை உள்ளே இழுத்தது.

அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மூன்றும் மூன்று விதமான சூப். ஹகோதாதேயில் கலங்காமல் தெளிவாக இறக்குவார்கள். அசாஹிகாவாவில் எலும்புச் சாறோடு கருவாட்டுச் சாறும் சேர்த்து, சூடு போகாமல் இருக்க மேலே பன்றிக் கொழுப்பை மிதக்க விடுவார்கள். 1902-இல் மைனஸ் 41 டிகிரி பதிவான ஊர் அது, கொழுப்பு மிதக்காமல் என்ன செய்யும்? சின்னக் கடை என்றால் பெரும்பாலும் ஒரு சூப்பைப் பிடித்துக்கொண்டு அதிலேயே பேர் வாங்கும். இந்தக் கடையில் அடுப்பில் இருந்தது ஒரே ஒரு பெரிய பானை. அதைப் பார்த்தேன், யோசிக்கவில்லை. பசி.

உள்ளே போனதும் குளிருக்கும் சூட்டுக்கும் கண்ணாடி முழுக்கப் புகை படிந்துவிட்டது. கதவோரம் வழக்கமான சீட்டு மெஷின். ஜப்பானில் பல ராமென் கடைகளில் காசைப் போட்டு, பொத்தானை அழுத்தி, விழும் சீட்டைச் சமையல்காரரிடம் நீட்டினால் போதும், பேச்சே தேவையில்லை. இதில் ஆங்கிலத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: மெஷின் ரிப்பேர், கடைக்காரரிடம் சொல்லவும். 2024 ஜூலையில் புது நோட்டுகள் வந்ததிலிருந்து பழைய மெஷின்கள் பல அவற்றைத் துப்பிவிடும். அந்தத் தொல்லைதான் போல என்று நானே கடைக்காரருக்காக ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

அட்டையில் எதைத் தொட்டாலும் 2,400 யென். ராமென் என்றால் ஆயிரத்தை ஒட்டித்தான் இருக்கும். திருவிழா நேரம், போகட்டும் என்று விட்டேன். எனக்கு சாதா மிசோ, அம்மாவுக்கு அந்த இலை போட்டது. "நிக்கு நஷி?" என்று இரண்டு முறை கேட்டேன். இறைச்சி இல்லையே என்று அர்த்தம். கடைக்காரர் சிரித்த முகமாக, "நோ மீட், ஓகே, ஓகே" என்றார்.

கிண்ணம் வந்தது. சுருள் சுருளான மஞ்சள் நூடுல்ஸ், மேலே முளைப்பயறு, சோளம், உருகிக்கொண்டிருந்த வெண்ணெய்த் துண்டு. அம்மா கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து முதலில் குளிர் காய்ந்தார். அப்புறம் ஒரு வாய் சூப். "நல்லாத்தான்டா இருக்கு." கொஞ்ச நேரத்தில் கரண்டியால் கிளறி, பழுப்பாகத் துணுக்குத் துணுக்காக இருந்ததைக் காட்டி, "இது மீல்மேக்கரா?" என்றார்.

"ஆமாம்மா, அதாத்தான் இருக்கும்." சொன்னது நான்தான். கடைக்காரர் இல்லை.

அப்போதுதான் வேலை உடுப்பில் ஒரு பெரியவர் பூட்ஸைத் தட்டிப் பனியை உதறிவிட்டு உள்ளே வந்தார். ஒட்டியிருந்த தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரிப்பேரான அந்த மெஷினில் ஆயிரம் யென் நோட்டைச் செருகினார், அழுத்தினார். சீட்டு விழுந்தது. பின்னாலேயே ணங்கென்று ஒரே ஒரு நாணயம், 50 யென்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தேன். மரப்பட்டைகளில் தூரிகையால் எழுதிய விலைப்பட்டியல். எண்களும் கஞ்சி எழுத்தில், அதாவது சீனத்திலிருந்து வந்த ஜப்பானிய எழுத்தில். ஒன்பது, நூறு, ஐந்து, பத்து என்று வரிசையாக நான்கு எழுத்து; நம் பழைய தமிழ் எண்ணில் ௯௱௫௰ என்று எழுதுவோமே, அச்சு அசல் அதே முறை. 950. என் கிண்ணமும் அம்மா கிண்ணமும் அந்தச் சுவரில் 950தான்.

பெரியவர் வாங்கியதும் காய்கறி மிசோ. சமையல்காரர் வாணலியில் வெள்ளையாக ஒரு கரண்டி பன்றிக் கொழுப்பைப் போட்டார். அது உருகியதும் ஒரு கைப்பிடி கொத்துக்கறி, அதன் மேல் முளைப்பயறு, வெங்காயம். தீ எழும்ப நான்கு புரட்டு. அந்த ஒற்றைப் பானையிலிருந்து சூப்பை மொண்டு அதிலேயே ஊற்றினார். சப்போரோ மிசோவின் முறையே இதுதான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அம்மாவின் மீல்மேக்கர் எது என்பது மட்டும் எனக்கு விளங்கிவிட்டது. அவர் கிண்ணத்தில் பாதி சூப் காலி.

"போதும்மா, நேரமாச்சு" என்று கிளப்பினேன். பில்லில் ஆளுக்கு 300 யென் இருக்கைக் கட்டணம் வேறு. மதுக்கடைகளில் அப்படி வாங்குவார்கள். ராமென் கடையில் நான் கேள்விப்பட்டதே இல்லை. சுவரைக் காட்டி, என் அரைகுறை ஜப்பானிய மொழியில் கேட்டேன். அது உள்ளூர் ஆட்களுக்கு, இது ஆங்கில விளக்கத்தோடு, என்றார். கறி? மேலே வைக்கும் துண்டுகளை எடுத்துவிட்டேனே, நிக்கு நஷிதானே, என்றார். குரலை உயர்த்தவே இல்லை. ரசீது மட்டும் தரவில்லை.

அம்மாவை அறையில் விட்டுவிட்டு, பக்கத்துக் காவல் சாவடியில் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் குறித்துக்கொண்ட காவலர், அட்டையில் விலை போட்டிருந்தது, அதைப் பார்த்துத்தானே ஆர்டர் செய்தீர்கள் என்றார். பதில் சொல்ல முடியவில்லை. நுகர்வோர் புகாருக்கு 188 என்ற எண்ணைக் கொடுத்தார். புகாராவது பதிவாகட்டும் என்று மறுநாள் கூப்பிட்டுச் சொன்னேன். பணம் வரும் என்று நினைத்துக்கொண்டு யாரும் கூப்பிட வேண்டாம்.

வரப்போகிறவர்களுக்கு: "நிக்கு நஷி" என்ற சொல்லை நம்பவே நம்பாதீர்கள். நல்ல கடையில்கூட அதற்கு, மேலே வைக்கும் கறித்துண்டு வேண்டாம் என்றுதான் பொருள். சூப் எலும்பில் கொதித்ததாகவே இருக்கும். "சூப்பு மோ யாசாய் தகே தெசு கா?" என்று கேளுங்கள், சூப்பும் காய்கறி மட்டும்தானா என்று. ஆமாம் என்றாலும் 'தாஷி', அதாவது சூப்புக்கு அடிப்படையான சாறு, என்ன என்று விசாரியுங்கள், அதில் மீன் ஒளிந்திருக்கும். சைவ ராமென் கிடைக்காமல் இல்லை, டோக்கியோ ஸ்டேஷனுக்கு உள்ளேயே தனிக் கடை இருக்கிறது. மெஷின் ரிப்பேர் என்று ஆங்கிலத்தில் மட்டும் எழுதியிருந்தால் அடுத்து வருகிறவர் என்ன செய்கிறார் என்று இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். பூஜ்யம் முதல் ஒன்பது வரையும், பத்து, நூறு, ஆயிரத்துக்கும் கஞ்சி எழுத்து படித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. எனக்கு அது தெரிந்தே இருந்தது, சுவரைத்தான் பார்க்கவில்லை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று என் மனைவி சொல்கிறாள், வேண்டாம் என்று அக்கா சொல்கிறாள். ஊருக்குப் போனதும் சித்தியிடம் அந்த ராமெனைப் பற்றித்தான் பேச்சாம். போன வாரம் வீடியோ காலில், "அந்த மீல்மேக்கர் இங்க கிடைக்கிறது மாதிரி இல்லடா, ரொம்ப மெத்துனு இருந்துச்சு. வரும்போது ஒரு பாக்கெட் வாங்கிட்டு வா" என்றார். சரிம்மா என்றேன்.