காதுக்குள் போடும் மெஷின், தீவிர இழப்புக்குத் தாங்குமா? ஏழெட்டு ஆண்டு பயன்படுத்திய அனுபவம்

வெளியே தெரியாத காது மெஷின் வேண்டும் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. "ஏன் மறைக்கணும், தைரியமா போட்டுக்கோ" என்று அறிவுரை சொல்பவர்கள் பெரும்பாலும் நன்றாகக் காது கேட்பவர்கள். நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவரின் பார்வை நம் கண்ணிலிருந்து காதுக்குப் போவதையும், அதற்கப்புறம் அவர் பேச்சு மாறிவிடுவதையும் அனுபவித்தவர்களுக்கு இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். நானும் அந்த ஆசையோடுதான் போனேன். ஆனால் கேட்கும் திறனில் இழப்பு தீவிரமாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது மெஷினின் சக்தி, அந்தச் சக்தியில் எவ்வளவு கையிருப்பு இருக்கிறது என்பது. அளவு அதற்கு அடுத்துதான்.

என் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு காதிலும் நரம்பு சார்ந்த இழப்பு. வலதில் 75 டெசிபல், இடதில் 80. 70-ஐத் தாண்டினால் தீவிரம், 90-ஐத் தாண்டினால் மிகத் தீவிரம் என்பது காது கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்டுகள் பலர் பின்பற்றும் கணக்கு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு உள்ளவரைக் காது கேளாதவர் என்றே வகைப்படுத்துகிறது. கல்லூரியில் படித்தபோதிலிருந்து காதுக்குப் பின்னால் மாட்டும் பி.டி.இ. போட்டிருந்தேன். திருச்சியில் வங்கிக் கவுன்டர் வேலை. முடியை இழுத்துப் பின்னிக்கொள்வதால் மெஷின் அப்படியே தெரியும். போதாக்குறைக்குக் காதுக்குப் பின்னால் கண்ணாடிக் கம்பி, வண்டி ஓட்டும்போது ஹெல்மெட். எல்லாம் ஒரே இடத்துக்குப் போட்டி போட்டன.

காதுக்குள் போடும் கருவிகளில் மிகச் சின்னது ஐ.ஐ.சி. காதுக் குழாயின் ஆழத்தில் உட்கார்ந்துவிடும், வெளியே சின்ன இழுநூல் முனை மட்டும்தான் இருக்கும். அடுத்தது சி.ஐ.சி., அப்புறம் குழாயின் வாயில் தெரியும் ஐ.டி.சி. காது மடலின் குழியைப் பாதி நிரப்பும் அரை ஷெல், முழுதாக நிரப்பும் முழு ஷெல் இரண்டும் ஐ.டி.இ. வகை. கடையில் போஸ்டரில் மாட்டியிருப்பது எப்போதும் முதல் இரண்டுதான்.

அந்த இரண்டும் என்னைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் ஒத்துவராததற்குக் காரணம் உண்டு. ஒலியை எவ்வளவு பெருக்க வேண்டும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது: இழப்பில் சுமார் பாதி. தீவிர இழப்பில் அதற்கு மேலும் தேவைப்படும். அவ்வளவு பெரிய ஒலியை வெளிவிடும் ரிசீவரும், வெளி ஒலியை வாங்கும் மைக்கும் ஒரு பயறு அளவு கூட்டுக்குள் ஒட்டியபடி இருந்தால், உள்ளே போன சத்தம் இடுக்கு வழியாகக் கசிந்து மறுபடி மைக்குக்கே வரும். உடனே 'கீ' என்ற விசில். விசிலை அடக்க மெஷின் தானாகவே ஒலியைக் குறைக்கும். குறைத்தால் நமக்குப் பேச்சு கேட்காது. பெரிய ரிசீவரும் பெரிய பேட்டரியும் வைக்க அதில் இடமும் இல்லை. இன்னொன்று: சி.ஐ.சி.யில் வழக்கமாக ஒரே ஒரு மைக்தான். எதிரே இருப்பவரின் பேச்சை மட்டும் தூக்கிக் கொடுக்க இரண்டு மைக் வேண்டும். ஃபேனும் பணம் எண்ணும் மெஷினும் ஓயாத இடத்தில் வேலை பார்க்கும் எனக்கு அதை விட்டுக்கொடுக்க முடியாது.

அதனால் பவர் ரிசீவரும் இரண்டு மைக்கும் வைத்த அரை ஷெல் வாங்கினேன். 13-ஆம் எண் பேட்டரி, ஆரஞ்சு ஸ்டிக்கர். 312 போட்டால் கூடு இன்னும் சின்னதாக வரும், ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும். நிறத்தில் ஒரு விஷயம் கவனியுங்கள். 'தோல் நிறம்' என்று முதலில் காட்டும் வெளிர் ரோஸ் நம் ஊர்க் காதில் பளிச்சென்று தெரியும். நான் மங்கலான அடர் பழுப்பு கேட்டேன். குழிக்குள் நிழலோடு கலந்துவிடுகிறது. எதிரே உட்கார்ந்து பேசுபவர்களுக்குத் தெரிவதே இல்லை. பக்கவாட்டில் உற்றுப் பார்த்தால் தெரியும். எனக்கு அது போதும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், கூடு செய்வதற்காகக் காதுக் குழாயின் அச்சு எடுக்கும் நாள். காதுக்குள் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டை வைத்து, சிலிக்கான் பசையை ஊற்றி, இறுகியதும் உருவி எடுப்பார்கள். வாயை மூடியிருக்கும்போது குழாய் ஒரு வடிவம், திறக்கும்போது வேறு வடிவம். இதை உங்கள் காதில் விரல் வைத்துத் தாடையை அசைத்தாலே உணரலாம். தீவிர இழப்புக்கு இம்மியளவு இடைவெளியும் விசிலாக மாறும் என்பதால், அச்சு குழாயின் இரண்டாவது வளைவு வரை போக வேண்டும், தாடை அசைவையும் கணக்கில் எடுக்க வேண்டும். எனக்கு முதலில் வந்த இடது கூடு சாப்பிடும்போதெல்லாம் கத்தியது. கிளினிக்கில் "போகப் போகப் பழகிடும்" என்றார்கள். விசில் பழகுகிற விஷயம் இல்லை. வாயைத் திறந்தபடி மறுபடி அச்சு எடுத்து வேறு கூடு செய்து தந்த பிறகு நின்றது. வாங்கும்போதே கூட்டை மாற்றித் தர எத்தனை மாத அவகாசம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உடம்பு இளைத்தாலும் குழாய் மாறும், கூடு தளரும்.

குழாயை இறுக்கமாக மூடுவதால் சொந்தக் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்கும். முதல் சில வாரங்கள் அது கஷ்டமாகத்தான் இருந்தது. லேசான இழப்பு உள்ளவர்களுக்குக் கூட்டில் விடும் காற்றுத் துளையைப் பெரிதாக்கி அதைச் சரிசெய்யலாம். நமக்குத் துளை பெரிதானால் விசில் வரும். ஆனால் என்னைப்போல் தாழ்ந்த ஒலிகளிலும் இழப்பு இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவு தீவிரமாக நீடிப்பதில்லை.

நன்மைகளில் நான் எதிர்பார்க்காமல் கிடைத்தது ஃபோன். மற்றவர்களைப் போலவே காதில் வைத்துப் பேசலாம். மைக் காதுக் குழியிலேயே இருப்பதால் மடல் சேர்த்துக் கொடுக்கும் ஒலி கிடைக்கிறது, வண்டியில் காற்றின் இரைச்சலும் குறைவு. 2020-இல் எல்லோரும் முகக்கவசம் போட்டபோது பி.டி.இ. போட்டவர்கள் பலர் கவசக் கயிற்றோடு மெஷினையும் இழுத்துத் தொலைத்தார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் உதடு மறைந்துபோனது எல்லோருக்கும் ஒரே இழப்பு. 'பாடு', 'மாடு' இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும் என்றாலும், 'கட்டு', 'பட்டு' இரண்டில் எது என்று என் காதுக்குச் சந்தேகம் வந்தால் உதடுதான் சொல்லித் தரும்.

மெஷின் கண்ணாடி மாதிரி இல்லை. போட்டவுடன் எல்லாம் தெளிவாகிவிடாது. மெல்லப் பேசினால் கேட்காது, கத்தினால் காது வலிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே எங்களுக்கு இருக்கும் இடம் குறுகியது. அந்தக் குறுகிய இடத்துக்குள் பேச்சை அடக்கிக் கொடுப்பதுதான் ட்யூனிங். அதைக் கம்ப்யூட்டர் திரையில் வரும் கோட்டை மட்டும் நம்பிச் செய்யக் கூடாது. மெல்லிய குழாயைக் காதுக்குள் விட்டு, செவிப்பறை அருகில் உண்மையில் எவ்வளவு ஒலி வருகிறது என்று அளக்கும் முறை இருக்கிறது. ரியல் இயர் அளவீடு என்று கேளுங்கள். என் ஊரில் அந்தக் கருவி வைத்திருந்த இடத்தைத் தேடித்தான் போனேன். அளந்து மாற்றிய பிறகு 'ச', 'ஸ' ஒலிகள் கூடுதலாகக் கிடைத்தன. கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது மட்டும் இன்றும் எந்த ட்யூனிங்கும் கைகொடுப்பதில்லை; எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

பராமரிப்பு பி.டி.இ.யை விட நிச்சயம் அதிகம். ரிசீவர் குறும்பிக்கும் வியர்வைக்கும் நடுவிலேயே கிடக்கிறது. திருச்சி வெயிலில் கேட்கவே வேண்டாம். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைப்பேன். சுத்தம் செய்வது காலையில்தான், குறும்பி காய்ந்திருக்கும். துளை கீழே பார்க்கும்படி பிடித்துப் பிரஷ் போட்டால் தூள் உள்ளே விழாது. திடீரென்று சத்தம் குறைந்தால் முதலில் ரிசீவர் துளையில் இருக்கும் குறும்பித் தடுப்பை மாற்றிப் பாருங்கள், பாதி நேரம் அதுதான் காரணம். புதுப் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் போட்டால் நன்றாக உழைக்கும்.

காதில் சீழ் வருபவர்கள், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள் இந்த வகையை நினைக்கவே வேண்டாம். காது மூடியே இருந்தால் நிலைமை மோசமாகும். வளரும் குழந்தைகளுக்கும் சரிப்படாது. 90-ஐத் தாண்டியவர்களுக்குப் பவர் பி.டி.இ.தான் நல்லது, மெஷின் போட்டும் சொற்கள் பிரியவில்லை என்றால் அறுவை சிகிச்சை செய்து பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் பற்றி டாக்டரிடம் பேசலாம். ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய்க்கு வரும் குட்டிக் கருவிகளைத் தீவிர இழப்புக்கு வாங்கவே வாங்காதீர்கள். அமெரிக்காவில் 2022-இல் கடையில் நேரடியாகக் காது மெஷின் வாங்க அனுமதித்தபோதுகூட, லேசான, மிதமான இழப்புள்ள பெரியவர்களுக்கு மட்டுமே அதை அனுமதித்தார்கள்.

பழைய பி.டி.இ.யைத் தூக்கிப் போடவில்லை. காதுக்குள் போடும் கருவி ரிப்பேருக்குப் போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகலாம், அதுவரை கவுன்டரில் உட்கார அதுதான் துணை. அதன் காதுக்குள் பொருந்தும் மோல்டை மட்டும் அவ்வப்போது புதிதாகச் செய்துகொள்கிறேன். அடுத்த ஜோடிக்கும் அரை ஷெல்தான் கேட்கப்போகிறேன். அதற்குள் இடது காது இன்னும் இறங்கினால் முழு ஷெல்.