ஊர்ப் பயணத்துக்குப் பூஸ்டர் சீட்: சென்னையிலிருந்து தஞ்சாவூர் வரை

இங்கிலாந்தில் 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை, குழந்தைகள் காரில் தமக்குரிய தனி இருக்கையில்தான் அமர வேண்டும் என்பது சட்டம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த ஆறு வயது மகளையும் நாலரை வயது மகனையும் அழைத்துக்கொண்டு சென்னைக்கும், அங்கிருந்து வாடகைக் காரில் தஞ்சாவூருக்கும் சென்று வந்தோம். கையோடு எடுத்துச் செல்லும் பூஸ்டர் சீட்டை வாங்க எண்ணும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: ஊரில் ஏறப்போகும் வண்டியின் பின் சீட்டில் எந்த வகை பெல்ட் இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, அதற்குப் பிறகு கடைக்குச் செல்லுங்கள்.

பூஸ்டர் சீட் குழந்தையைத் தானே பிடித்துக்கொள்வதில்லை. பெரியவர்களுக்காக அமைந்த பெல்ட் குழந்தையின் உடலில் சரியான இடத்தில் பதியும்படி அதைச் சற்று உயர்த்தி உட்காரவைப்பது மட்டுமே அதன் வேலை. கீழ்ப்பட்டி வயிற்றின் மீது ஏறாமல் தொடை தொடங்கும் இடத்தில், இடுப்பெலும்போடு ஒட்டிக் கிடக்க வேண்டும். மேல்பட்டி கழுத்தை உரசாமல் தோளின் நடுவே இறங்க வேண்டும். பூஸ்டர் இல்லாத சிறு குழந்தை முழங்காலை மடக்குவதற்காக முன்பக்கம் சரிந்து உட்காரும். அப்போது பட்டி வயிற்றுக்கு ஏறிவிடும், வண்டி திடீரென்று நின்றால் அந்த வேகம் முழுவதும் குடலின் மேல் விழும். தோள்பட்டி இல்லாத, இடுப்புப் பட்டி மட்டும் உள்ள இடத்தில் எந்தப் பூஸ்டரையும் பயன்படுத்தக் கூடாது என்பதும் இதனால்தான். நம் ஊர்க் கார்கள் பலவற்றில், குறிப்பாகச் சற்றுப் பழைய வண்டிகளில், பின் சீட்டின் நடு இடத்துக்கு இடுப்புப் பட்டி மட்டுமே இருக்கிறது.

இந்தியாவிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயது நிறையாத குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் செல்பவருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின் சீட்டில் பெல்ட் அணியாமல் பயணித்து விபத்தில் இறந்த பிறகு, பின் சீட் பெல்ட்டைப் பற்றி நாடெங்கும் பேசினார்கள். ஆனாலும் டிராவல்ஸ் அலுவலகங்களுக்குத் தொலைபேசியில் அழைத்து “குழந்தை சீட் கிடைக்குமா?” என்று கேட்டபோது, “அதெல்லாம் நம்மகிட்ட இல்லைங்க மேடம்” என்ற பதிலே வந்தது. கேள்வியை மாற்றியதும் பலன் கிடைத்தது. பின் சீட்டின் இரு ஓரங்களிலும் தோள்பட்டியுள்ள பெல்ட் வேலை செய்கிறதா, பக்கிள் வெளியே தெரிகிறதா, ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா என்று கேட்டேன். போட்டோ அனுப்பிய அலுவலகத்தின் காரையே நெடும்பயணத்துக்கு அமர்த்தினோம். விடியற்காலையில் சொன்ன நேரத்துக்கு வண்டி வாசலில் நின்றது.

சென்னைக்குள் சுற்றுவதற்கு வேறிடத்தில் அமர்த்திய கார் அப்படி அமையவில்லை. “எல்லாம் இருக்குங்க” என்று உறுதி சொல்லி அனுப்பிய அந்த வண்டியில் பெல்ட்டின் நாக்கு மட்டும் தொங்கியது, பக்கிளைக் காணவில்லை. டிரைவர் அலுத்துக்கொள்ளாமல் சீட் கவரின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, இருக்கையின் இடுக்கில் கையை விட்டு, புழுதி படிந்த இரண்டு பக்கிள்களை வெளியே எடுத்துத் துணியால் துடைத்துக் கொடுத்தார். மகள் “தேங்க்ஸ் மாமா” என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்தப் பொறுமைக்கு நான் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறேன். குறை டிரைவர்களிடம் இல்லை, பெல்ட்டை மூடித் தைத்த கவரோடு வண்டியை வாடகைக்கு விடும் உரிமையாளர்களிடம்தான் இருக்கிறது.

சீட்டுகளைப் பொறுத்தவரை, மகளுக்குக் காற்றடைக்கும் வகையான பபுள்பம் கொண்டுபோனோம். அரைக் கிலோ அளவே எடை. சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளலாம். அகலமும் குறைவு என்பதால் பக்கிள் அதன் அடியில் புதைந்துபோகாமல் குழந்தையே மாட்டிக்கொள்ள முடிந்தது. மைஃபோல்ட் போன்றவை குழந்தையை உயர்த்துவதற்குப் பதிலாகப் பட்டியைக் கீழே இழுத்துப் பிடிப்பவை. கைப்பையில் அடங்கும் என்றாலும், பக்கிளின் நிலை வண்டிக்கு வண்டி மாறும் நம் ஊரில் ஒவ்வொரு முறையும் பட்டிகளைச் சரிபார்க்கும் பொறுமை வேண்டும். மகனுக்கு முதுகுச் சாய்வுள்ள மடக்கு சீட்டையே எடுத்தோம். 2017 முதல் பிரிட்டனில் புதிதாக ஒப்புதல் பெறும் சாய்வில்லாப் பூஸ்டர் மாடல்கள் 125 செ.மீ. உயரத்துக்கும் 22 கிலோ எடைக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு மட்டுமே உரியவை. முன்பே ஒப்புதல் பெற்ற மாடல்களை 15 கிலோவிலிருந்து பயன்படுத்தலாம் என்றாலும், தூங்கிச் சாயும் சிறு பிள்ளைக்குப் பக்கத்தடுப்பு இல்லாத சீட் போதாது என்பது என் உறுதியான கருத்து. விழுப்புரம் தாண்டியதும் அவன் தூங்கிவிட்டான், தோள்பட்டி நகரவில்லை. மகளும் சாய்ந்து தூங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இரவுப் பயணத்தைத் தவிர்த்தோம்.

சாய்வுள்ள சீட்டுக்கு இடம் வேண்டும். இயற்கை எரிவாயுவில் ஓடும் சிஎன்ஜி வண்டியில் டிக்கியின் பெரும்பகுதியை எரிவாயு சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். பெட்டிகள் மேலே கேரியருக்குப் போகும். வண்டி பேசும்போதே இதையும் கேட்டுவிடுங்கள்.

“நான் மடியில வெச்சுக்கிறேன்மா, பிள்ளையை எதுக்குக் கட்டிப் போடணும்?” என்று அத்தை வருந்தினார்கள். பாசத்தில் சொன்ன சொல், மறுத்துப் பேச மனம் வரவில்லை. ஆனாலும், ஓடும் வண்டி சட்டென்று நின்றால் 17 கிலோ பிள்ளையைக் கையால் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது என்று எடுத்துச் சொன்னேன். அதன்பின் அத்தையே முன் சீட்டில் பெல்ட் மாட்டிக்கொண்டு அமர்ந்தார்கள்.

விமானத்தில் பூஸ்டர் பயன்படாது, அங்கே இடுப்புப் பட்டி மட்டுமே உண்டு. சிறியதைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டால், லக்கேஜ் தாமதமானாலும் விமான நிலையத்திலிருந்து வீடு செல்லும் முதல் பயணத்துக்கு அது கைகொடுக்கும். நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு இவற்றில் எதையும் வாங்க வேண்டாம். அந்த வயதுக்குத் தோள்வார்கள் கொண்ட முழு சீட்தான் வேண்டும். அதைச் சென்னையிலேயே வாங்குவதாக இருந்தால், பிரிட்டன் திரும்பிய பின்னும் பயன்படுத்த அதில் வட்டத்துக்குள் ‘E’ என்ற ஆங்கில எழுத்துள்ள ஒப்புதல் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.