சிறுதானியமா, சப்பாத்தியா, பாதிச் சோறும் பயறுமா? சர்க்கரைக்காரர் வீட்டு மதிய உணவு பற்றிய ஓர் ஒப்பீடு

என் தாயாருக்கு இரண்டாம் வகை நீரிழிவு உறுதியானதும், எங்கள் வீட்டு மதியச் சாப்பாட்டை மாற்றியே ஆக வேண்டும் என்றாயிற்று. அரிசியை நிறுத்திவிட்டுச் சிறுதானியத்துக்கோ சப்பாத்திக்கோ மாறச் சொல்லித்தான் எல்லோரும் அறிவுரை கூறினார்கள். இரண்டையும் செய்து பார்த்த பிறகு நாங்கள் நிலைத்தது மூன்றாவது வழியில்: பொன்னிப் புழுங்கலரிசிச் சோற்றைப் பாதியாக்கி, மீதி இடத்தைப் பயறுக்கும் காய்கறிக்கும் கொடுப்பது.

ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு உயர்த்துகிறது என்பதைக் குளுக்கோஸை 100 எனக் கொண்டு ஒப்பிட்டுச் சொல்லும் எண்ணே கிளைசீமிக் குறியீடு, சுருக்கமாக ஜி.ஐ. டொரான்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981இல் இதை முன்வைத்தனர். 55 வரை குறைவு, 70க்கு மேல் அதிகம். சென்னையில் நடந்த ஓர் ஆய்வில் பொன்னி அரிசிக்கு 70ஐ ஒட்டி வந்தது. வேகவைத்த கொண்டைக்கடலைக்கு, ஜி.ஐ. எண்களின் பன்னாட்டு அட்டவணையில் 28.

சப்பாத்திக்கு அதே அட்டவணை 50ஐ ஒட்டிய எண்ணைத் தருகிறது. ஆனால் நான்கு சப்பாத்திக்கு 120 கிராம் மாவு செல்கிறது. அதிலுள்ள மாவுச்சத்து ஒரு தட்டுச் சோற்றினதற்கு ஏறக்குறைய நிகர். சப்பாத்தியின் உண்மையான நன்மை, அதை எண்ணிப் பரிமாற முடியும் என்பதே. சோற்றை யாரும் எண்ணுவதில்லை. இருந்தாலும், காலம் முழுவதும் சோறு உண்டு பழகியவருக்கு நாள்தோறும் மதியம் சப்பாத்தி என்பது தண்டனையாகவே இருந்தது.

சிறுதானியத்தில் எனக்கு மதிப்பு உண்டு. வரகும் சாமையும் தவிடு போகாமல் கிடைத்தால் நார்ச்சத்து மிகுதி. ஆனால் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது வெள்ளையாகத் தீட்டப்பட்ட தானியம். அதில் அந்த நன்மையின் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடுகிறது. கேழ்வரகையும் நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால், முழு தானியத்தை விட வேகமாகச் செரித்துச் சர்க்கரையை ஏற்றிவிடும். நாங்கள் சிறுதானியத்தைத் தொடர்ந்து உண்டது குறுகிய காலமே. ஆகவே அதைப் பற்றிய என் தீர்ப்பை முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டாம்.

என் முடிவைத் தீர்மானித்தது ஜி.ஐ. எண் அன்று, அளவு. உணவிலுள்ள மாவுச்சத்தின் கிராம் கணக்கை ஜி.ஐ.யால் பெருக்கி 100ஆல் வகுத்தால் கிடைப்பது கிளைசீமிக் சுமை. ஒரு பரிமாறலில் அது 20ஐ எட்டினாலே அதிகம். நூறு கிராம் அரிசியை வடித்த சோற்றில் மாவுச்சத்து சுமார் 78 கிராம், ஜி.ஐ. 70 என்றால் சுமை 55ஐ ஒட்டி வரும். அதே அளவு உண்டுகொண்டு, ஜி.ஐ. 55 உள்ள தானியத்துக்கு மாறினால், அது 40ஐத் தாண்டியே நிற்கும். மாறாக, அரிசியை ஐம்பது கிராமாக்கி, முப்பது கிராம் கொண்டைக்கடலையை வேகவைத்துச் சேர்த்தால், அரிசியின் சுமை 27, கடலையினது நான்கோ ஐந்தோ. மொத்தம் 32 அளவில் முடியும். தானியத்தை மாற்றாமலேயே, மாற்றியதை விடக் கூடுதலாகக் குறைகிறது! பயறின் நாரும் புரதமும் பசியைத் தாங்குவதால், அளவு குறைந்ததை என் தாயார் குறையாகச் சொல்லவில்லை.

இது நிலைப்பதற்கு வீட்டில் தனிச் சமையல் தேவைப்படாததும் காரணம். இரவில் கறுப்புக் கொண்டைக்கடலையையோ தட்டைப்பயறையோ ஊறவைத்து, காலையில் குக்கரில் உப்புப் போட்டு வேகவைத்து, பாதியைக் குழம்பிலும் பாதியைத் தேங்காய் அதிகமில்லாத சுண்டலாகவும் எடுத்துக்கொள்கிறோம். நீர்த்த சாம்பாரைப் பயறுக் கணக்கில் சேர்க்க முடியாது. கெட்டியான கூட்டுதான் கணக்கு. சோற்றுக்கென்று ஒரே கிண்ணத்தை ஒதுக்கியிருக்கிறோம். அதைத் தலைதட்டித்தான் போடுவோம். முதலில் பொரியலும் கூட்டும் சுண்டலும், அதன் பிறகே சோறு. காய்கறியையும் புரதத்தையும் முன்னதாக உண்டால் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறைவதாக ஆய்வுகளும் கூறுகின்றன.

காலையில் இட்லிக்குப் பதில் வாரத்தில் சில நாள் பருப்பு மிகுந்த அடை அல்லது பச்சைப்பயறு தோசை. இட்லியைக் கைவிடவில்லை, இரண்டோடு நிறுத்திக்கொள்கிறோம். இரவுக்கு மட்டும் சப்பாத்தியை வைத்திருக்கிறோம், எண்ணி இரண்டு.

இன்சுலின் அல்லது சர்க்கரையை வெகுவாக இறக்கும் மாத்திரை எடுப்பவர்கள் சோற்றைத் திடீரெனப் பாதியாக்கினால் தாழ்சர்க்கரை வரக்கூடும்; மருத்துவரிடம் சொல்லி மருந்தளவைச் சரிசெய்த பிறகே தொடங்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பயறு எவ்வளவு என்பதையும் அவரே சொல்ல வேண்டும். மற்றவர்கள் உண்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்து, தங்கள் கிண்ணத்தின் அளவைத் தாங்களே திருத்திக்கொள்ளலாம். ஒரே சோறு எல்லோருடைய உடலிலும் ஒரே அளவு சர்க்கரையை ஏற்றுவதில்லை.